கிணத்து நீச்சல் கடலுக்குப் பத்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உசிலம்பட்டி பக்கம். எங்க அக்கா மகன் கப்பல் வேலைக்குப் போகணும்னு ஒரு ட்ரெய்னிங் சென்டர்ல படிச்சான், அங்க ரெண்டே ரெண்டு நாளு கோஸ்ட் கார்டுல இருந்து, அதாவது இந்தியக் கடலோரக் காவல்படையில இருந்து, ஆளுங்க வந்து சொல்லிக் குடுத்துருக்காங்க, அதப் பத்தித்தான் இந்தக் கடுதாசி.

எங்க பக்கத்துப் பயலுகளுக்கு நீச்சல்னா கிணறும் கண்மாயுந்தான். இவனும் சின்ன வயசுல சுரைக்குடுக்கை கட்டிக் குதிச்சவன், "எனக்கா மாமா நீச்சல் தெரியாது"ன்னுட்டுப் போனான். அந்த சென்டர்ல மொதல்ல லைஃப் ஜாக்கெட்டையே ஸ்க்ரீன்ல படமாத்தான் காட்டுனாங்களாம், சந்தேகம் கேட்டா புக்கைப் பாருன்னு பதில், காசு மட்டும் முழுசா வாங்கிட்டாங்க.

கோஸ்ட் கார்டுல இருந்து வந்தவங்கள்ல ஒருத்தர் பிரதான் நாவிக் (அந்தப் படையில ஒரு பதவி), ராமநாதபுரத்துக்காரரு, தமிழ்லயே பேசிருக்காரு. வந்த அன்னைக்கே எல்லாரையும் தண்ணில எறக்கிட்டாரு. மேல இருந்து குதிக்கும்போது ஒரு கையால மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு இன்னொரு கையால லைஃப் ஜாக்கெட்ட அமுக்கிப் பிடிக்கணும், இல்லன்னா விழுகுற வேகத்துல ஜாக்கெட் மேல ஏறி தாடையில அடிச்சிரும். விழுந்த பெறகு சும்மா கைகால் அடிக்கக்கூடாது, உடம்புச் சூடு போயிரும், முழங்கால நெஞ்சோட மடக்கிக் கட்டிக்கிட்டு மிதக்கணும். கிணத்துல பழகுன பயலுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம் சார். கவுந்து கெடக்குற லைஃப் ராஃப்ட்ட, அதான் கப்பல விட்டு எறங்குனா ஏறிக்கிற காத்தடிச்ச மிதவைய, நிமித்த கேஸ் சிலிண்டர் இருக்குற பக்கமா ஏறி நின்னு பட்டையப் பிடிச்சுப் பின்னால சாயணுமாம், ராஃப்ட் நம்ம மேலயே விழுகும், பதறாம மல்லாக்க நீந்தி வெளிய வரணும். மொத தடவ இவன் பதறிட்டான், நாலாவது தடவதான் சரியா வந்துச்சுன்னு சொல்றான். நடுக்கடல்ல ஆள மீட்டு கரை சேத்தவரு பக்கத்துல நின்னு "விடு தம்பி, இன்னொரு வாட்டி"ன்னு சொல்றதும் ஸ்க்ரீன்ல படம் பாக்குறதும் ஒண்ணா?

நம்ம ஆளுங்க நெறைய பேரு கோஸ்ட் கார்டையும் மாநில போலீஸ்ல இருக்குற கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தையும் ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க. கோஸ்ட் கார்டு பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ வர்ற படை, 1978ல சட்டம் போட்டு அமைச்சது. கடல்ல ஆபத்துன்னா 1554க்கு அடிச்சா வர்றது அவங்கதான்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு நாள் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போகாம, கப்பல் படிப்பு நடக்குற எடத்துல ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு வாரமாவது கோஸ்ட் கார்டு ஆளுங்கள ட்யூட்டியாவே போடணும், அதுல ஒருத்தராவது தமிழ் பேசுறவரா இருக்கணும். இங்கிலீஷ்ல சொன்னா பாதிப் பேரு மண்டைய ஆட்டிட்டு வந்துருவாய்ங்க, உயிர் போற விஷயம் இது. மண்டபத்துல கோஸ்ட் கார்டு ஸ்டேஷன் இருக்கு, மதுரையில இருந்து சுமார் மூணு மணி நேரந்தான். படிப்பு முடியிறதுக்குள்ள பயலுகள அங்க ஒரு தடவ கூட்டிட்டுப் போயி கப்பல்ல ஏத்திக் காட்டலாம், கடலையே பாக்காம வந்தவய்ங்க எத்தன பேரு இருக்காய்ங்க.

அடுத்த பேட்ச்சுல எங்க ஊர்ல இருந்து இன்னும் ரெண்டு பயலுக சேர்றாய்ங்க. அதுக்குள்ள யாராவது இதக் காதுல வாங்கணும் சார்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்