கிரீஸின் பிரேயஸிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். ஆபீஸில் வேலை வழக்கம்போலத்தான் போகிறது. வெயில் மட்டும் நம்ம தூத்துக்குடி வெயிலுக்குச் சளைத்ததில்லை.

வீட்டுக்கார அம்மா மரியாவும் நீயும் வைபர் செயலியில் நம்பர் மாற்றிக்கொண்டதில் இருந்து எனக்குத்தான் பஞ்சாயத்து வேலை. "நானும் ஒரு நாள் கிரீஸுக்கு வருவேன்" என்று நீ அனுப்பியதற்கு அவர் ஒரே ஒரு சொல்லைப் பதிலாகப் போட்டாராம். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் "ஒருபோதும் இல்லை" என்று வந்ததாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை அக்கா. அந்தச் சொல் 'போத்தே'. முதல் அசையை அழுத்திச் சொன்னால் 'எப்போது', கடைசி அசையை அழுத்தினால் 'ஒருபோதும் இல்லை'. எழுதும்போது அழுத்தம் விழுகிற எழுத்தின் மேல் ஒரு சிறு கோடு போடுவார்கள். ஆனால் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் அந்தக் கோடு கிடையாது. இந்த அம்மா எல்லாவற்றையும் பெரிய எழுத்தில்தான் அடிப்பார், கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாதாம்.

அப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசியில் உள்ள குறியைப் பார். நாம் அரைப்புள்ளி என்று சொல்கிற (;) தான் கிரேக்கத்தில் கேள்விக்குறி. அது இருந்ததென்றால் அவர் "எப்போது வருகிறாய்?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். சீக்கிரம் பதில் போடு, பாவம். நம் அரைப்புள்ளியின் வேலைக்கு அவர்கள் வரியின் மேல்பக்கம் ஒரு புள்ளி வைப்பார்கள். போனில் அதைத் தேடிப்பிடித்து அடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை, நீ அதை மறந்துவிடலாம்.

அவருடைய பேரன் அனுப்புவது வேறு ரகம். நம்ம பையன்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது போல இவனும் கிரேக்கத்தை அடிக்கிறான். நடுவில் 8 வந்தால் அது எண் இல்லை, தீட்டா என்ற எழுத்து. உருவம் ஒத்துப்போவதால் அப்படி. 3 என்றால் க்ஸி. இதற்கு கிரீக்லிஷ் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்க்கும் கருவி இதில் அடிக்கடி உளறும், என்னிடமே கேள்.

அப்புறம், "மை கோல்டு" என்று வந்ததே என்று நகை விஷயமாகப் பயந்தாயாம். 'ஹ்ரிஸோ மு' என்றால் 'என் தங்கமே'. நீ உன் மகளைக் கூப்பிடுவதேதான்! 'மாத்யா மு' என்றால் 'என் கண்களே'. 'அகாபி மு', அதாவது 'என் அன்பே', என்பதை ரொட்டிக் கடைக்கார அம்மா பாக்கிச் சில்லறை தரும்போதுகூட எனக்குச் சொல்வார். அதனால் அத்தான் காதில் இதையெல்லாம் வேறு மாதிரி போட்டுவைக்காதே. கடைசியில் 'ஃபிலாக்யா' என்று இருந்தால் குட்டி முத்தங்கள். மாதம் பிறந்தால் 'கலோ மீனா', திங்கட்கிழமை 'கலி எவ்தொமாதா' என்று வாழ்த்து வரும். நீயும் அதையே திருப்பி அனுப்பினால் போதும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. இங்கே மரியா என்று பெயருள்ள பெரும்பாலோருக்கு ஆகஸ்ட் 15 பெயர்நாள், அதாவது அந்தப் பெயருக்குரிய புனிதரின் திருநாள். அதைப் பலர் பிறந்தநாளைவிடப் பெரிதாகக் கொண்டாடுவார்கள். அன்றைக்கு 'ஹ்ரோன்யா பொலா' என்று அனுப்பு, நம் 'பல்லாண்டு' மாதிரி. இந்தக் கோடையில் நம் நேரம் இங்கேயை விட இரண்டரை மணி முன்னால். உன் காலை ஆறு மணிக்கு அனுப்பி அவரை எழுப்பிவிடாதே, பத்து மணிக்கு மேல் அனுப்பு.

அன்புடன்,
தம்பி