போன் பெட்டியில் அந்தத் திகதியை அச்சிட வையுங்கள்

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கும், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு ஸ்மார்ட் போனின் பெட்டியிலும், அந்தப் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் (கள்ளர் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைக்கும் மென்பொருள்) எந்த ஆண்டு, எந்த மாதம் வரை வரும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வேண்டும் என்று நீங்கள் உத்தரவிட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். போலிச் செயலிகளால் சனங்களின் காசு போகிற கதை உங்களுக்குப் புதிதல்ல. முறைப்பாடுகள் உங்கள் மேசைக்கு வராமல் இருக்காது. எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அக்கா ஒருவர் இடியப்பம் அவித்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்குக் கொடுக்கிறார். திருகோணமலையில் உல்லாசப் பயணிகளின் வரவு சித்திரையில் தொடங்கிப் புரட்டாதியோடு ஓய்ந்துவிடும். பிறகு மாரி. விடுதிகளில் ஆளிருக்காது, இடியப்பத்துக்கு ஓடரும் இருக்காது. அந்த மாதங்களுக்கான அரிசிக் காசு, பிள்ளையின் ரியூசன் காசு எல்லாவற்றையும் சீசன் நாட்களிலேயே சேர்த்து வைத்துவிட வேண்டும். விடுதிக்காரர்கள் இப்போது கையில் காசு தருவது குறைவு, கணக்குக்குத்தான் போடுகிறார்கள். ஆகவே வங்கிச் செயலி உள்ள போன் அவருக்கு இடியப்ப உரல் மாதிரி ஒரு தொழில் கருவி. 2023 இல் நகரத்துக் கடையொன்றில், பெட்டி உடைக்காத புதுப் போனாகப் பார்த்து வாங்கினார்.

சீசன் முடிகிற நேரம் அவருக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மின்கட்டணத்தில் நிலுவை இருக்கிறது, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், விபரம் பார்க்க இந்தச் செயலியைப் போடுங்கள் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. கரண்ட் போனால் விடியற்காலை மூன்று மணிக்கு மா குழைக்க வெளிச்சம் இல்லை. போட்டுவிட்டார். அது ஏதேதோ அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கக் கறுப்பாகி, "போன் அப்டேட் ஆகிறது, தொட வேண்டாம்" என்று ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. அவர் தொடவில்லை. சொன்னபடி மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் கணக்கிலிருந்து 86,000 ரூபாய் போனது.

மறுநாள் அந்தப் போனை நான் வாங்கிப் பார்த்தேன். செற்றிங்ஸில் "போனைப் பற்றி" என்ற பகுதிக்குப் போனால் "பாதுகாப்பு அப்டேட்" என்று ஒரு வரி இருக்கும். அதில் 2021 ஒக்டோபர் என்று இருந்தது. போன் வாங்கியது 2023 இல். அதாவது, கடைக்காரர் பெட்டியைத் திறந்து கையில் கொடுக்கும்போதே அந்தப் போனுக்கு வர வேண்டிய பாதுகாப்பு நின்றுபோயிருந்தது. அக்கா அதில் கண்ட ஒரே அப்டேட், கள்ளன் காட்டிய அந்தப் போலி அப்டேட்தான்.

சரி, இனி அவருக்கு நடந்த அடுத்ததைக் கேளுங்கள். காசு போனதை விட எனக்கு வயிறு எரிந்தது இதில்தான். வங்கிக்குப் போனார். "நீங்க சொல்லாம ஓ.டி.பி. எப்படி அம்மா போகும்?" என்று கேட்டார்கள். ஓ.டி.பி. என்பது காசு அனுப்பும்போது வங்கி எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பும் ஒருமுறை இலக்கம். முறைப்பாடு எழுதப் போன இடத்திலும் அதே கேள்வி. வீட்டில் மூத்த அண்ணனும் அதையே கேட்டார். "தம்பி, நான் ஒரு நம்பரும் ஆருக்கும் சொல்லேல்லை" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. எஸ்.எம்.எஸ். வாசிக்கும் அனுமதி கிடைத்துவிட்டால் அந்தச் செயலி ஓ.டி.பி.யைத் தானே எடுத்துக்கொள்ளும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுவதற்காக அண்ட்ரொயிட்டில் வைத்திருக்கும் அணுகல் வசதிக்கும் அனுமதி கிடைத்தால், திரையில் உள்ளதை வாசிக்கும், ஆள் தொடுவது போலத் தானே தொட்டு வங்கிச் செயலிக்குள் போய் வரும். போனின் சொந்தக்காரிக்கு எதுவும் தெரியாது. ஆனால் வங்கிப் பதிவில் எல்லாம் அவருடைய போனிலிருந்து, அவருடைய ஓ.டி.பி.யோடு நடந்ததாகவே இருக்கும். தான் சொல்லவில்லை என்று அவர் எதைக் காட்டி நிரூபிப்பது? ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு பெண்ணைப் பொய் சொல்கிறவள் போல நிற்க வைத்தோம். கடைசியில் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

அப்டேட் இருந்திருந்தால் இந்தக் களவு நடந்தே இருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் போன் புதிய அண்ட்ரொயிட் பதிப்புக்கு மாறியிருந்தால் வித்தியாசம் இருந்திருக்கும். 2022 இல் வந்த அண்ட்ரொயிட் 13 இலிருந்து, பிளே ஸ்டோருக்கு வெளியே இறக்கிய செயலிக்கு அந்த அணுகல் வசதியைச் சும்மா ஒரு தட்டில் கொடுக்க முடியாது. போன் தடுத்து நிறுத்தும். அதையும் சுற்றிப் போகும் கள்ளர்கள் இருக்கிறார்கள். என்றாலும் ஒரு கதவாவது பூட்டியிருக்கும். அக்காவின் போனில் இருந்தது அண்ட்ரொயிட் 10. அதில் அந்தக் கதவே இல்லை.

மாதாமாதம் வரும் இந்தப் பாதுகாப்பு அப்டேட் சும்மா வந்ததல்ல. 2015 இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே வந்தது. ஒரு எம்.எம்.எஸ். அனுப்பியே போனுக்குள் நுழையலாம் என்று தெரிந்ததும் உலகமே பதறியது. அதே ஆண்டு ஓகஸ்ட்டிலிருந்து கூகுள் மாதாமாதம் ஓட்டைகளை அடைத்து வெளியிடத் தொடங்கியது. ஆனால் கூகுள் அடைத்தால் மட்டும் போதாது. போன் செய்த கம்பனி அதைத் தன் மொடலுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்ப வேண்டும். விலை கூடிய போனுக்கு அனுப்புகிறார்கள். கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கெலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு ஏழு ஆண்டு என்று வாக்கே கொடுத்திருக்கிறார்கள். இடியப்பம் விற்கும் அக்கா வாங்கும் போனுக்கு யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள்? பெட்டியில் கமெராவின் மெகாபிக்சல் இருக்கிறது, பற்றரியின் அளவு இருக்கிறது. பாதுகாப்பு எந்த நாளோடு முடியும் என்பது மட்டும் இல்லை.

மற்ற நாடுகளில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எவ்வளவு காலத்துக்கு வரும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி இன்னும் கடுமையானது: ஒரு மொடலைச் சந்தைக்கு விடுவதை நிறுத்திய பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட் கொடுக்க வேண்டும். இந்தக் கம்பனிகளில் பல எங்களுக்கும் போன் விற்கின்றன. அங்கே சொல்ல முடிந்த திகதியை இங்கே சொல்ல முடியாதா?

அதிகாரம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து பதில் தராதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 10 ஆவது பிரிவு, பொருட்களின் லேபலில் என்ன இருக்க வேண்டும் என்று பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தை நீங்கள் பாவித்தும் வருகிறீர்கள். தொலைத்தொடர்புக் கருவிகளை விற்பதற்கான அனுமதிப்பத்திரத்தைக் கொடுப்பது ஆணைக்குழுதான். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை 1909 க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று எங்களுக்குச் சொன்னதும் ஆணைக்குழுதான். நல்ல ஏற்பாடு, நன்றி. அதே பதிலில் இன்னொரு வரியாக, இந்த மொடலின் பாதுகாப்பு அப்டேட் இந்தத் திகதியோடு முடிகிறது அல்லது ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றும் வரச் செய்யுங்கள். பாவித்த போன் வாங்குகிறவருக்குப் பெட்டியே கிடைப்பதில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் எத்தனையோ வீடுகளில் இருப்பது இரண்டாம் கை, மூன்றாம் கை போன்தான். அவர்களுக்கு அந்த எஸ்.எம்.எஸ். ஒன்றுதான் வழி.

இந்த இடத்தில் கொஞ்சம் கோபத்தோடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்மார்ட் போன் வேண்டும் என்று எங்கள் சனம் ஆசைப்பட்டு அடம்பிடிக்கவில்லை. கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, பாடம் வட்ஸ்அப்பில் வரும் என்றீர்கள். பிள்ளைக்காகக் கடன்பட்டு, இருப்பதிலேயே மலிவான போனை வாங்கினார்கள். 2022 இல் கியூ.ஆர். இல்லாதவருக்குப் பெற்றோல் இல்லை என்றீர்கள். அதே ஆண்டில்தான் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. போன் விலையும் அதோடு ஏறியது. வாங்க வசதி இல்லாத நேரத்தில் வாங்க வைத்தீர்கள். பில் கட்ட, படிவம் நிரப்ப, கணக்குப் பார்க்க எல்லாவற்றுக்கும் போன் என்று ஆக்கிவிட்டு, காசு போனதும் "மக்கள் அவதானமாக இருக்க வேண்டும்" என்று ஓர் அறிவித்தல். அவதானமாக இருப்பதற்கு ஒரு விபரம் வேண்டும். அந்த விபரம் உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் இருக்கிறது. அவதானமாக இருக்க வேண்டியவரிடம்தான் இல்லை.

அரசாங்கம் முன்வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு சிங்கப்பூர் ஓர் உதாரணம். 2024 பெப்ரவரியில் அந்நாட்டு இணையப் பாதுகாப்பு முகவரகத்தோடு சேர்ந்து கூகுள் ஒரு முயற்சியைத் தொடங்கியது. இணையத்திலிருந்தோ செய்திச் செயலியிலிருந்தோ இறக்கும் ஒரு செயலி, எஸ்.எம்.எஸ். வாசிப்பது, அணுகல் வசதி போன்ற ஆபத்தான அனுமதிகளைக் கேட்பதாக இருந்தால், அதைப் போனில் ஏறவே விடாமல் கூகுளின் பாதுகாப்புக் கருவியான பிளே புரொடெக்ட் தடுத்துவிடும். அக்காவுக்கு நடந்தது அப்படியே இந்த வகைதான். இலங்கைப் பாவனையாளர்களுக்காக நீங்கள் கூகுளோடு என்ன பேசியிருக்கிறீர்கள் என்பதையும் சொன்னால் நல்லது.

கோபத்தில் ஏதும் கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களின் வீட்டிலும் இப்படியான போன் ஒன்று இருக்கும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். விலை குறைந்த போனைத் தடை செய்யச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் முதலில் அடிபடுவதும் இந்த அக்காதான். எந்த விலைப் போனாக இருந்தாலும், எந்த மாதம் வரை அப்டேட் வரும் என்பதைப் பெட்டியில் எழுத வையுங்கள். முடிந்துபோன மொடல் என்றால் "முடிந்துவிட்டது" என்று பெரிய எழுத்தில் எழுத வையுங்கள். இரண்டு போன் ஒரே விலையில் இருக்கும்போது, 2024 என்று எழுதியதை விட்டுவிட்டு 2028 என்று எழுதியதை எடுக்க எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அக்காவின் போனில் எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தோம். வேறு போன் வாங்க அவரிடம் காசில்லை. பாதுகாப்பு அப்டேட் இன்னும் 2021 ஒக்டோபரிலேயே நிற்கிறது. ஆகவே வங்கிச் செயலியை எடுத்துவிட்டார். விடுதிக் காசு வந்ததா என்று பார்க்க இப்போது பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்கிறார்.

பெட்டியில் அந்தத் திகதியை அச்சிடும்படி இறக்குமதியாளர்களுக்குப் பணிப்புரை விடுப்பீர்களா, விடுப்பதானால் எப்போது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு தொலைபேசிப் பாவனையாளர்