தங்கவயலிலிருந்து, சின்னவளின் ஆராய்ச்சிப் படிப்பு குறித்து

ராபர்ட்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சின்னவளுக்கு நியூட்ரினோ இயற்பியலில் பிஎச்.டி. இடம் வந்திருக்கிறது என்ற வரியை எங்க வீட்டுக்காரரிடம் உரக்க வாசித்துக் காட்டினேன். அடுத்த பக்கத்தைப் படித்தபோது மனசு கனத்துப் போனது. முதலில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தால் அப்புறம் படிப்பு என்று உன் மாமியார் பிடிவாதமாக நிற்கிறார். நீ இரண்டு பேருக்கும் நடுவில் தவிக்கிறாய். என் எண்ணத்தைக் கேட்டிருக்கிறாய். அவளை இந்த ஆண்டே சேர்த்துவிடு. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று விளக்கத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

நான் வளர்ந்த, சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டுக்கு நீ வந்திருக்கிறாய். அந்தச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். நியூட்ரினோ என்பது எதையும் எளிதாக ஊடுருவிப் போகும், மின்னூட்டம் இல்லாத நுண்துகள். மும்பை டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த சோதனை அது. ஏறத்தாழ அதே நாட்களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அமெரிக்க இயற்பியலாளர் ரெயின்ஸின் குழுவும் இதையே கண்டது. அவ்வளவு ஆழம் எதற்கு என்று சின்னவளைக் கேள், அழகாகச் சொல்வாள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பொழிகிற மியூவான் என்ற துகள்களை மேலே இருக்கும் பாறை பெரும்பாலும் நிறுத்திவிடும். நேர்மேலிருந்து இறங்குபவை மட்டும் மிகச் சில மிஞ்சும். ஆகையால் பக்கவாட்டில் ஒரு மியூவான் ஓடி வந்தால், அது அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதியதால் பிறந்ததாகத்தான் இருக்க முடியும். துகள் பட்டால் ஒளி மின்னும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்களை எதிரெதிராகச் சுவர்போல் நிறுத்தி, நடுவில் நியான் குழாய்களை அடுக்கி, மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். விஞ்ஞானிகளோடு ஒரே கேஜில், அதாவது சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில், இறங்கியதை அப்பா கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தக் கேஜில் ஒரு பெண் வேலைக்கென்று இறங்கியிருக்க முடியாது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, நிலத்தடியில் பெண்களை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது. பாதுகாப்பை எண்ணிப் போட்ட சட்டம்தான், மறுக்கவில்லை. 2019இல்தான் அதைத் தளர்த்தினார்கள். அதுவும் தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் ஆகிய பணிகளுக்கு மட்டும், பகல் நேரத்தில், அந்தப் பெண் எழுதிக் கொடுத்தால்.

இப்படிப்பட்ட துறைக்கு வழி போட்டவர்களில் பீபா சௌத்ரி என்ற வங்காளப் பெண்ணும் ஒருவர் என்பதை நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் விரிவாகப் படித்தேன். 1936இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்தபோது அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். இயற்பியலாளர் டி. எம். போஸுடன் சேர்ந்து புகைப்படத் தட்டுகளை டார்ஜிலிங்கிலும் சந்தக்ஃபூ மலையிலும் மாதக்கணக்கில் வைத்துவிட்டு, பிறகு எடுத்துக் கழுவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று கடந்தால் தட்டின் வெள்ளி உப்பில் புள்ளிப் புள்ளியாகத் தடம் விழும். அந்தப் புள்ளிகள் எவ்வளவு நெருக்கம், தடம் எவ்வளவு வளைகிறது என்று அளந்து, எலக்ட்ரானைவிட இருநூறு மடங்கு அளவுக்கு எடையுள்ள துகள் அது என்று கணக்கிட்டார்கள். நேச்சர் இதழில் கட்டுரைகள் வந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலம்; அவர்களுக்குக் கிடைத்தவை சாதாரண ஹாஃப்-டோன் தட்டுகள். முழுத் தடமும் பதியக்கூடிய நல்ல தட்டு இந்தியாவில் கிடைக்கவில்லை. போர் முடிந்ததும் வெள்ளி உப்பைப் பல மடங்கு கூட்டி இல்ஃபோர்டு நிறுவனம் தயாரித்த புதுத் தட்டுகள் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இயற்பியலாளர் பவெலின் குழுவுக்குக் கிடைத்தன. 1947இல் பையான் என்ற துகளை அவர்கள் கண்டார்கள். 1950இல் நோபல் பரிசு பவெலுக்குப் போனது. மூளைக்குக் குறைவில்லாத இடத்தில் ஒரு பொருள் இல்லாமல் போனதால் கண்டுபிடிப்பு கைமாறியது. பொருளறிவியல் படிக்கிற உன் பெரியவனுக்கும் இதைச் சொல்.

பையான் சிதைந்தால் மியூவானும் நியூட்ரினோவும் பிறக்கும். மேகங்களுக்கு மேலே அப்படிப் பிறந்த நியூட்ரினோக்கள்தான் எங்கள் சுரங்கத்துக்கு வந்தவை. பீபா 1949இல் டாடா நிலையத்தில் சேர்ந்த முதல் பெண் ஆராய்ச்சியாளர். பின்னாளில் கோலார் சோதனைகளிலும் பங்கெடுத்தவர். 1991இல் காலமானார். பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. 2019இல் தொலைதூர விண்மீன் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். இவ்வளவு பெரிய வேலை நடந்த ஊரில் இருபது வருடம் வளர்ந்து, இயற்பியலே பாடமாக எடுத்த எனக்கு ஒரு வகுப்பில்கூட யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

உன் மாமியார் காதில் போட வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. அதே பிரிஸ்டல் ஆய்வகத்தில் 1948இல் ரோஸ்மேரி பிரௌன் என்ற மாணவி, தட்டில் ஒரு துகள் மூன்று பையான்களாகச் சிதைந்த தடத்தைக் கண்டார். இன்று கேயான் என்கிறோமே, அதுதான். அப்போது அவருக்கு 22 வயது. அடுத்த ஆண்டு உடன் ஆய்வு செய்த பீட்டர் ஃபௌலரை மணந்து, பிஎச்.டி.யை விட்டுவிட்டார். ரேஷன் காலம், மூன்று பெண் குழந்தைகள். அவருக்குப் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது 2024இல், 98 வயதில். குடும்பத்தை அவர் நன்றாகத்தான் நடத்தினார். ஒரு மகள் புவி இயற்பியல் அறிஞர். ஆனாலும் அந்தக் கண்கள் இன்னும் பத்து வருடம் மைக்ரோஸ்கோப்பில் இருந்திருந்தால் எதையெல்லாம் பார்த்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு அடங்கவில்லை.

கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அவள் காலூன்றி நிற்கட்டும். இந்த ஊர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கு முன்பிருந்தே லைன் வீடுகளில் பாறைத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் வந்து இருமி இருமி ஆண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருப் பெண்களுக்குத் தங்கள் பேரில் சம்பளமோ, வேலையோ, வீடோ எதுவும் இருந்ததில்லை. வேலைக்குப் போகக்கூடிய வயதிலிருந்தவர்கள் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூருவில் வீட்டு வேலையும் தையல் வேலையும் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு திரும்பினார்கள். அந்தப் பெண்களில் இரண்டு மூன்று பேர் என்னோடு பள்ளியில் படித்தவர்கள், கணக்கில் என்னைவிடக் கெட்டி. அவர்கள் வீட்டில் அன்றைக்கு யாராவது "இவள் படிக்கட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

இனி நடைமுறை விஷயம். ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அது அவள் கணக்கிலேயே வரட்டும். யு.ஜி.சி. விதிப்படி பெண்களுக்குப் பிஎச்.டி. முடிக்க இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசம் உண்டு. பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. படிப்பு நடுவில் அறுந்துபோனாலும் மீண்டும் வர மத்திய அரசின் வைஸ்-கிரண் திட்டம் இருக்கிறது. பீபாவுக்கும் ரோஸ்மேரிக்கும் இவையெல்லாம் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போது இந்த 240 நாள் விதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசு. படிப்பும் குடும்பமும் ஒன்றுக்கொன்று பகை என்று பேசுகிறவர்கள் அங்கேயே கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் பற்றியும் கேட்டிருந்தாய். மலையும் தண்ணீரும் போய்விடுமோ என்று தேனிப் பக்கத்து மக்கள் பயந்ததற்கு முதலிலேயே உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அது தனிக் கடிதத்துக்கு உரியது. ஆனால் அந்த ஆய்வகத்துக்காக மதுரையில் கட்டிய 85 டன் இரும்பு மாதிரிக் கருவி உன் ஊரிலேயே இருக்கிறது. சின்னவளை ஒருமுறை அனுமதி கேட்டுப் போய்ப் பார்க்கச் சொல். காந்தமாக்கிய இரும்புத் தகடுகளுக்கு இடையில் கண்ணாடித் தகடுகளால் செய்த உணரிகள் இருக்கும். பெரியவனும் கூடப் போகட்டும்.

எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அடுத்த மாதம் தம்பி மகள் கல்யாணத்துக்கு மதுரை வருகிறேன். உன் மாமியாரிடம் நானே பேசுகிறேன். என்னிடம் அவருக்கு எப்போதும் பிரியம் உண்டு. அதற்குள் சேர்க்கைக்குக் கடைசித் தேதி வந்துவிட்டால் காத்திருக்காதே, பணத்தைக் கட்டிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் தோழி