துணிப் பெயர்களும் 'ஒருவகைத் துணி'யும்: அகராதி தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைத் தொகுக்கும் அறிஞர் பெருமக்களுக்கு,

வணக்கம். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களையும் கடிதங்களையும் தமிழாக்கும் பணியில் இருப்பவர்களுள் ஒருவனாக இதை எழுதுகிறேன். அந்நூல்களில் பக்கத்துக்குப் பக்கம் வரும் துணிப் பெயர்களுக்குப் பொருள் தேடினால், பெரும்பாலும் 'ஒருவகைத் துணி' என்றோ, சற்றுத் தாராளம் காட்டினால் 'ஒருவகைப் பருத்தித் துணி' என்றோதான் விடை கிடைக்கிறது. டிமிட்டி, ஃபஸ்டியன், கேம்ப்ரிக், நான்கீன் எல்லாம் அந்த ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றன.

இதனால் என்ன குடிமுழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். பாம்பசீன் என்ற துணியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாட்டில் பட்டுப் பாவும் குறுக்கே கம்பளி ஊடையுமாக நெய்து கறுப்புச் சாயம் ஏற்றிய இத்துணி, விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில் துக்க உடைக்குரியதாக இருந்தது. துக்கம் காக்கும் பெண் பளபளப்பான எதையும் உடுத்தலாகாது என்பது அக்கால வழக்கு. பட்டின் மினுக்கை மேலே தெரியாமல் கம்பளி ஊடை அடக்கிவிடுவதால் இத்துணி அதற்குப் பொருந்தியது. ஒரு பாத்திரம் பாம்பசீன் உடுத்தி அறைக்குள் வந்தாலே, அவள் வீட்டில் சாவு நிகழ்ந்திருக்கிறது என்பது அக்கால வாசகருக்கு விளங்கிவிடும். கைம்பெண் என்றதும் வெள்ளைப் புடவையை நினைக்கும் தமிழ் வாசகரிடம் 'கறுப்புத் துணி' என்று மட்டும் சொன்னால் இதில் பாதிகூடப் போய்ச் சேராது.

கேலிக்கோ இதைவிடச் சிக்கலானது. கோழிக்கோட்டின் பெயரைச் சுமந்து திரியும் இச்சொல், இங்கிலாந்தில் இன்று வெளுக்காத, சாயமேற்றாத பருத்தித் துணியைக் குறிக்கிறது. நம் ஜவுளிக் கடையில் காடாத் துணி என்று கேட்டால் எடுத்துப் போடுவது ஏறக்குறைய அதுதான். அமெரிக்காவிலோ அதே சொல் சிறு பூக்கள் அச்சிட்ட மலிவான துணியைக் குறிக்கும். அமெரிக்கக் கிராமத்துச் சிறுமிக்கு நாம் காடா உடுத்திவிட்டால், கதாசிரியர் அவளுக்குத் தைத்துக் கொடுத்த பூப்போட்ட கவுன் காணாமல் போய்விடும். 1719-இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் சென்ற பெண்களின் கேலிக்கோ உடைகளைக் கிழித்துக் கலகம் செய்ததற்கும், அச்சிட்ட, சாயமேற்றிய கேலிக்கோவை உடுத்துவதையே 1721-இல் நாடாளுமன்றம் தடைசெய்து, 1774 வரை அத்தடை நீடித்ததற்கும் காரணமானவை நம் நாட்டின் வண்ணத் துணிகளே. எந்தக் காலம், எந்த நாடு என்று அகராதி சொல்லாவிட்டால் வரலாற்று நூலை மொழிபெயர்ப்பவரும் இதே குழியில் விழுவார்.

சின்ட்ஸ் என்ற சொல்லைப் பற்றி எனக்குக் கூடுதலாகவே வருத்தம் உண்டு. அதற்குச் சீட்டி என்ற சொல் தமிழிலேயே இருக்கிறது. நம் பாட்டிமார் சீட்டிப் பாவாடை உடுத்தியவர்கள். ஆனால் அன்று ஐரோப்பாவை மயக்கிய சீட்டி, உருளையில் அச்சடித்த துணி அன்று. சோழமண்டலக் கரையில் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் துணியை நனைத்துக் காயவைத்து, கருமைக்கு இரும்பு ஊறிய நீரையும் சிவப்புக்குப் படிகார நீரையும் கலம் என்னும் எழுதுகோலால் தீட்டி, பிறகு சாயவேரில் வேகவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும். நீலம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். எத்தனை சலவை கண்டாலும் நிறம் போகாத இத்துணிதான் பாலம்போர் என்ற பெயரில் கட்டில் விரிப்பாகக் கப்பலேறியது. கிழக்கிந்தியக் கும்பெனிக்குத் துணி வெளுத்தவர்களும் நெய்தவர்களும் குடியமர்ந்த வண்ணாரப்பேட்டையும் சிந்தாதிரிப்பேட்டையும் இன்றும் சென்னையில் இருக்க, அவர்கள் கைபட்ட சரக்குக்குத் தமிழ் அகராதியில் போதிய விளக்கம் இல்லாதிருப்பது முறையன்று.

ஷாடி என்பதற்கு 'மட்டமான' என்ற பொருளே கண்ணில் படுகிறது. அது முதலில் ஒரு துணியின் பெயர். பழைய கம்பளிக் கந்தலைக் கிழித்து நாராக்கி மீண்டும் நூற்று நெய்யும் இத்தொழில் 1813 வாக்கில் யார்க்‌ஷயரின் பாட்லி நகரில் தொடங்கியது. இன்று அதன் பெரிய மையம் அரியானாவின் பானிப்பட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களின் சீருடை மழையில் நைந்துபோன கதையைப் படிப்பவருக்குப் பெயர்ச்சொல்லான ஷாடி தெரிந்தே ஆகவேண்டும்.

வீட்டுப் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஆண்கள் தலையில் பூசிய மக்காசர் எண்ணெய் நாற்காலியில் ஒட்டாதிருக்கச் சாய்மானத்தின் மேல் போட்ட துணிதான் ஆன்டிமெக்காசர். குளிரில் படுக்கையைச் சூடேற்றத் தணல் நிரப்பி விரிப்புக்குள் ஓட்டிய நீண்ட கைப்பிடியும் மூடியும் கொண்ட பித்தளைத் தட்டு வார்மிங் பேன். இத்தகைய பொருள்களுக்கு நான்கு வரி விளக்கத்தைவிடச் சிறியதொரு கோட்டோவியம் பயன்படும்.

ஆகவே, அடுத்த பதிப்பில் ஒவ்வொரு துணிப் பெயருக்கும் நூல் எது, நெசவு எப்படி, யார் எப்போது எதற்கு உடுத்தினார்கள் என்பவற்றைத் தருமாறு வேண்டுகிறேன். காடா, சீட்டி, திண்டு போன்று மக்கள் வாயில் புழங்கும் சொல் இருந்தால் அதையே முதலில் வையுங்கள். இல்லாதபோது புதுச்சொல் புனைவதைவிட ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் தந்து விளக்குவதே மேல் என்பது என் கருத்து. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் சொற்களஞ்சியத்தில் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான துணிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பணியை அங்கிருந்து தொடங்கலாம். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் தறியில் அமர்ந்தவர் ஒருவரிடமும் பழைய ஜவுளிக் கடைக்காரர் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அகராதிகளை நாள்தோறும் புரட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளன்