மலையிலிருந்து வந்த பெண்களுக்குத் துணை நின்றவர்களே, நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

ஜவ்வாது மலையிலிருந்து சிகிச்சைக்காகச் சென்னை வந்திருந்தவர்களில் கடைசியாகத் தங்கியிருந்த அக்காவும் போன வாரம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். கர்ப்பப்பை வாயில் இருந்த புண்ணை எடுத்துவிட்டார்கள். சதைப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. இந்த நல்ல சேதியை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

இந்த மடலில் ஒருவர் பெயரும் இருக்காது. உங்கள் பெயரைச் சொன்னால், "உங்க வீட்ல வந்து தங்கினது யாரு, என்ன வியாதி?" என்று விசாரிக்க நாலு பேர் வருவார்கள். அந்தப் பெண்களின் ரகசியம் உங்கள் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் நீங்கள் செய்ததை மட்டும் எழுதுகிறேன். படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி மலைமேல் இருக்கும் நர்சம்மாவுக்கு. உடலுறவில் தொற்றும் வைரஸ் என்று பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடும் பெண்களை, சாமை அறுக்கும் இடத்துக்கே போய், கூடவே உட்கார்ந்து கேட்க வைத்தவர் நீங்கள். எச்பிவி என்ற கிருமி ஏறக்குறைய எல்லோருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து போகும், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டில் தானாகவே மறைந்துவிடும், சிலருக்குத்தான் மறையாமல் தங்கிப் பதினைந்து இருபது ஆண்டுகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயாகும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கூட்டத்தில் பேச்சே எழுந்தது. "அப்ப என் வீட்டுக்காரர்தான் கொண்டாந்தாரா?" என்று ஒருவர் கேட்டதும் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, கல்யாணத்துக்கு முன்பே அவருக்கோ உங்களுக்கோ வந்து இத்தனை காலம் உள்ளேயே இருந்திருக்கலாம், அதைவைத்து வீட்டில் சண்டை வேண்டாம் என்றீர்கள். அந்த ஒரு பதிலால் எத்தனை குடும்பம் நிம்மதியாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

மலையில் நடந்த முகாமில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்த செவிலியர்களுக்கும் நன்றி. அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். லேப் வேண்டாம், ரிசல்ட்டுக்காக இன்னொரு நாள் வர வேண்டாம். இது ஏதோ ஏழைகளுக்கென்று ஒப்பேற்றும் சோதனை என்று நினைப்பவர்கள் நம் திண்டுக்கல் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டு ஒரே ஒரு தடவை இந்தச் சோதனையைச் செய்ததில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

மலையில் வெள்ளை தெரிந்த பலருக்கு அங்கேயே சூட்டுக்கருவியால் சில நொடிகளில் சிகிச்சை முடிந்துவிட்டது. புண் பெரிதாகவோ உள்ளே தள்ளியோ இருந்தவர்களைத்தான் சென்னைக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. இங்கேதான் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்வதற்கு ஒரு மலைக்காட்டுப் பெண் என்னென்ன கொடுக்க வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு மூன்று நாள் கூலி போகும். ஆட்டை, கைப்பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். போளூர் இறங்கி, திருவண்ணாமலை வந்து, ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் நிற்கும்போது கழிப்பறை எங்கே என்று கேட்கக்கூடக் கூச்சம். இவ்வளவையும் தாண்டி வந்தபின், "எதுக்கு வந்தே?" என்று கவுன்டரில் ஒருவர் உரக்கக் கேட்டால் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். ஓர் இடத்தில் அப்படித்தான் நடந்தது. சீட்டில் இருந்ததை வரிசை முழுக்கக் கேட்கும்படி படித்தார்கள். அந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போது பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்மா, துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து அவர் கையைப் பிடித்து, "வா கண்ணு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று டாக்டர் அறை வரைக்கும் கொண்டுபோய் விட்டாரே, அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அம்மா, அன்று நீங்கள் அங்கே இல்லாவிட்டால் அவருடைய சிகிச்சை நடந்திருக்காது.

கூலி இழப்புக்கென்று மாதாமாதம் பணம் அனுப்பியவர்களே, ரசீதும் வேண்டாம் போட்டோவும் வேண்டாம் என்றீர்கள். "படம் போட்டால்தானே நம்புவோம்" என்று கேட்ட வேறு சிலரை நினைத்தால், உங்கள் அருமை புரிகிறது. எழும்பூரில் மாடி அறையைத் திறந்துவிட்ட ஐயா, வாடகை கேட்கவில்லை, வந்தவர்களின் ஊரையும் கேட்கவில்லை. மெஸ் அக்கா, மலையில் சாமைச் சோறும் களியும் சாப்பிட்டவர்களுக்கு நம் சாம்பார் இறங்கவில்லை என்று தெரிந்ததும் கேழ்வரகுக் களி கிண்டி, கீரை கடைந்து கொடுத்தீர்கள். ஆட்டோ அண்ணன், பிங்க் பஸ்ஸில் இலவசமாகப் போகலாம் என்றாலும் சிகிச்சை முடிந்த அன்று அவர்களை நிற்க விடாமல் மீட்டர் போடாமல் கொண்டுவந்து விட்டீர்கள். அச்சகத் தம்பி, அட்டையில் நோயின் பெயரே இல்லாமல் ஒரு பூவும் அடுத்த தேதியும் மட்டும் இருந்தால் போதும் என்ற யோசனை உன்னுடையது. வீட்டில் யார் எடுத்துப் பார்த்தாலும் பயமில்லை என்று அத்தனை பேரும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அதே முகாமில் ரத்தமும் எடுத்தோம். முதலில் யாரும் எச்ஐவி சோதனைக்கு வரவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் சட்டையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார். பின்னாலேயே ஆண்கள் வந்தார்கள். ஐயா, பெண்களை மட்டும் சோதித்துவிட்டுப் போகும் முகாமாக அது ஆகாமல் காத்தவர் நீங்கள்தான். நம்பிக்கை மையம் என்னும் அரசு எச்ஐவி பரிசோதனை மையத்தின் ஆலோசகர் கதவைச் சாத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் துணைக்கு உடலுறவில் தொற்றாது என்பதைப் பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொன்னார். சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டமே சொல்கிறது. அதை ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூட அறையில் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்ததற்கு நன்றி, சார்.

கர்ப்பமாக இருந்த ஒரு தங்கைக்கு ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் கிருமி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் அது பெரும்பாலும் பிள்ளையின் உடம்பில் ஆயுளுக்கும் தங்கி, பின்னாளில் ஈரலைக் கெடுக்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும், கூடவே கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும். தடுப்பூசி அங்கேயே இருந்தது. இன்னொன்று விலை அதிகம், மலையில் கிடைக்கவில்லை. சென்னையில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் வாங்கிய விலைக்கே கொடுத்தார். ஐஸ் பெட்டியில் வைத்து, பிரசவத்துக்கு முன்பே ராத்திரி பஸ்ஸில் அனுப்பினோம். அந்த நடத்துநர் பெட்டியைத் தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்து, திருவண்ணாமலையில் எங்கள் ஆள் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாராம். உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை, அண்ணா. பெண் குழந்தை. பிறந்த அன்றே இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது.

இதே சென்னையில்தான் 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்ஐவி தொற்றைக் கண்டறிந்தார்கள். நோயாளிகளை எல்லோரும் விரட்டிய காலத்தில் தாம்பரம் சானடோரியம் அவர்களைப் படுக்க வைத்துப் பார்த்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது அங்கேயும் கொடுத்தார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் சாந்தா, கையில் காசில்லாதவரும் அதே சிகிச்சை பெற வேண்டும் என்று கடைசிவரை உழைத்தார். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஒருவர் எய்ட்ஸால் இறந்தபோது தூக்க ஆள் வராததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் இவர்கள் செய்த வேலை எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும்.

பொங்கல் கழிந்ததும் அடுத்த சிலர் வருகிறார்கள். மாடி அறையும் மெஸ் அக்காவின் களியும் மறுபடி வேண்டும். மலையில் சில அம்மாக்கள், 9 முதல் 14 வயதுக்குள் இருக்கும் தங்கள் பெண்பிள்ளைகளுக்கு எச்பிவி தடுப்பூசி எங்கே போடுவார்கள் என்று அவர்களாகவே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு யாரைப் பார்ப்பது என்று நர்சம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறார். தெரிந்ததும் உங்களுக்குத்தான் முதலில் சொல்வேன்.

மிக்க நன்றியுடன்,
வியாசர்பாடியிலிருந்து உங்கள் தோழி