ஊசி குத்தினால் கட்டி பரவும் என்று எழுதலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் சுகாதாரப் பக்கத்தில், அடங்கிக் கிடக்கும் புற்றுநோய்க் கட்டியில் ஊசி குத்தினாலோ கத்தி வைத்தாலோ அது விழித்துக்கொண்டு உடம்பெல்லாம் பரவிவிடும், ஆகவே அவசரப்பட்டு பயொப்சிக்கு, அதாவது கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதற்குப் போகவேண்டாம் என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. நான் திருகோணமலையில் ஏஎல் (உயர்தர) பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு எங்களுடையது, அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

கட்டி அப்படி ஒரு நாளில் விழிப்பதில்லை, ஐயா. எங்கள் உடம்பில் தினமும் கோடிக்கணக்கான கலங்கள் (செல்கள்) பிரிகின்றன, ஒவ்வொரு தடவையும் டிஎன்ஏ முழுவதையும் பிரதி எடுக்க வேண்டும். பெரிய புத்தகத்தைப் பார்த்து எழுதும் பிள்ளை எங்கோ ஓர் எழுத்தை விடுவதுபோல அதிலும் பிழை விழும். அநேகமானவற்றைக் கலமே திருத்திவிடும். திருத்த முடியாவிட்டால் பி53 என்ற புரதம் அந்தக் கலத்தைப் பிரிய விடாமல் நிறுத்தும், அல்லது சாகவைக்கும். அந்தப் புரதத்துக்குரிய பரம்பரை அலகே (ஜீன்) பழுதானால் ஆபத்து கூடும், மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அது பழுதாகித்தான் இருக்கிறது. அதுவும் ஒரு பழுது போதாது. பிரியச் சொல்லும் அலகு ஓயாமல் வேலை செய்ய வேண்டும், நிறுத்தச் சொல்லும் அலகு செயலிழக்க வேண்டும், இப்படிப் பல பழுதுகள் ஒரே கலத்தின் வழியில் வருடக்கணக்காகச் சேர வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளரக் குருதிக்கலன்கள் வேண்டும், அதையும் அது பக்கத்திலிருந்து தன் பக்கம் வளரவைத்துக்கொள்ளும். ஒரு சென்றிமீற்றர் அளவில் கைக்குத் தட்டுப்படும்போது அதற்குள் கிட்டத்தட்ட 100 கோடி கலங்கள், அதாவது ஏறக்குறைய 30 தடவை இரட்டித்து முடிந்திருக்கிறது. பரவும் குணம் வந்த கட்டியென்றால் அதன் கலங்கள் நிணநீரிலும் குருதியிலும் ஏறி எலும்புக்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் தாமாகவே போகும், அதற்கு யாரும் ஊசி குத்தத் தேவையில்லை.

ஊசி போன வழியில் கலம் ஒட்டுவது மிக அரிதாகச் சில கட்டிகளில் உண்டுதான். அது வைத்தியர்களுக்குத் தெரியும், அதனால்தான் ஆணின் விதையில் சந்தேகமான கட்டியென்றால் வெளியிலிருந்து ஊசி குத்தாமல் நேரே சத்திரசிகிச்சைக்குப் போகிறார்கள். மார்பிலோ வாயிலோ வந்த கட்டிக்கு அதைச் சொல்லிப் பயமுறுத்துவது சரியில்லை. சனம் ஏன் இதை நம்புகிறது என்றும் எனக்கு விளங்குகிறது. முற்றிய பிறகு கொண்டுபோகிறோம், வெட்டிப் பார்க்கும்போது ஏற்கெனவே பரவியிருக்கிறது, கொஞ்ச நாளில் ஆள் போய்விடுகிறார், பழி கத்திக்கு.

என் அக்காவுக்கு இடது மார்பில் சுண்டுவிரல் நுனியளவு கட்டி வந்தபோது நோவே இருக்கவில்லை. பயொப்சி செய்யச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாமி ஒரு பேப்பர் துண்டைக் கொண்டுவந்து காட்டினா, இதே கதைதான் அதிலும். அக்கா அந்தத் துண்டை மடித்து சுவாமித் தட்டில் எண்ணெய்ப் போத்தலுக்கு அடியில் வைத்திருந்தா. நான் எவ்வளவோ கதைத்தேன், தங்கச்சி சொல்வதைவிட அச்சில் வந்தது அவவுக்குப் பெரிதாக இருந்தது. கட்டி வெடித்த பிறகும் மணம் வெளியே தெரியக்கூடாதென்று சேலைக்குள் பழைய சீத்தைத் துணித் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, விடியப்புறம் எழும்பிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தா. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முதுகெலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். அதுவரை அவ உடம்பில் ஓர் ஊசிகூடப் படவில்லை, ஐயா.

இந்த ஒரு வரிக்காக மட்டும் எனக்குக் கோபமில்லை. அன்னமுன்னா இலையை அவித்துக் குடித்தால் கீமோ தேவையில்லை என்று போட்டீர்கள். அடிபட்ட இடத்தில்தான் கான்சர் வரும் என்று போட்டீர்கள், அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது இருந்த கட்டி தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். பிள்ளைக்குப் புற்றுநோய் வருவது தாய் தகப்பன் செய்த பாவம் என்று ஆன்மிகப் பக்கத்தில் வந்ததை வாசித்துவிட்டு, பிள்ளையை வாட்டில் வைத்திருந்த ஒரு தாய் என்னிடம் வந்து அழுதா. அப்போதும் உங்களுக்கு எழுதினேன், முதல் இரண்டு வரியைப் போட்டு மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். 2017 இல் தரம் 6 பெண்பிள்ளைகளுக்கு எச்பிவி என்ற வைரசுக்கு எதிரான தடுப்பூசி தொடங்கியபோது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை எத்தனையோ வருடம் முன்னாலேயே தடுக்கலாம் என்று நாங்கள் பெற்றோருக்கு ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியிருந்தது, உங்கள் பத்திரிகை ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தால் எங்களுக்கு எவ்வளவு உதவி. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் இரவு பஸ் ஏறிப் போகிற சனத்துக்கு தூரத்து ஆஸ்பத்திரியில் வேறு மொழியில் சொல்வது பாதி விளங்காது. தமிழில் கிடைப்பது நீங்கள் எழுதுவதுதான். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் அண்ணைக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் தடிப்பு ஒன்று இருந்தது, வாயும் முழுதாகத் திறக்க ஏலாது. எந்த நேரமும் வெற்றிலை. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே சொல்லிவிட்டது, இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னணியில் நிற்கிறது. நான் பிடிவாதமாக நின்று அவரைப் பல் வைத்தியரிடம் அனுப்பினேன். சிறு துண்டு வெட்டிப் பார்த்தார்கள், இன்னும் புற்றாகவில்லை, ஆனால் ஆகக்கூடிய நிலை என்றார்கள். தடிப்பை அகற்றினார்கள், அவரும் வெற்றிலையை விட்டார். இப்பவும் ஹோன் அடித்துக்கொண்டு வருகிறார். போன ஞாயிற்றுப் பேப்பர் அன்றைக்கு அவர் கையில் கிடைத்திருந்தால் அவர் போயிருப்பாரா?

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. அந்த வரி தவறு என்று அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். வைத்தியர் ஒருவர் பார்க்காமல் புற்றுநோய் பற்றி எதையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகங்களில் 35 வயதுப் பெண்களையும் 45 வயதுப் பெண்களையும் சோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் எந்த இடத்தில் எந்த நாளில் நடக்கிறது என்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மூலையில் போட்டால் புண்ணியமாகப் போகும். இடம் போதாதென்று இந்தக் கடிதத்தையும் வெட்டுவதானால் என் அக்காவைப் பற்றிய பகுதியை வெட்டுங்கள், பயொப்சி பற்றி எழுதியதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை