கருவியைத் தேர்ந்தெடுத்தது யார் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சந்திரயான்-4 பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைத் தக்கலையில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்துதான் படித்தேன். செலவு 2,104 கோடி ரூபாய் என்று இருந்தது, நிலவிலிருந்து மண்ணும் கல்லும் எடுத்து வரப்போகிறார்கள் என்று இருந்தது, இஸ்ரோ தலைவர் நாராயணன் நம்ம மேலக்காட்டுவிளைக்காரர், முன்பு அதே பதவியில் இருந்த சிவன் சரக்கல்விளைக்காரர் என்பதும் வழக்கம்போல இருந்தது. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்த மண்ணை, எந்த இடத்திலிருந்து, எதற்காக எடுக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் யார்? அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லையே.

நான் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3-ன் லேண்டர், அதாவது இறங்குகலம், விக்ரம் நிலவில் இறங்கியபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டு டிவி முன்னால்தான் இருந்தார்கள். கைதட்டி முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: "சார், எறங்கியாச்சு, இனி அது அங்க என்ன செய்யும்?" அன்றைக்கு டிவியில் பேசிய யாருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை என்பது வேறு விஷயம்.

அங்கே அது செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். 'சேஸ்ட்' என்று ஒரு கருவி, 10 வெப்ப உணரிகள் வைத்த ஒரு குச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை நிலவின் மண்ணுக்குள் இறக்கினார்கள். நம்ம பக்கத்து ஊரான திருவனந்தபுரத்து விண்வெளி இயற்பியல் ஆய்வகமும் அகமதாபாத் ஆய்வகமும் சேர்ந்து செய்தது. மேலே சுமார் 50 டிகிரி, 8 சென்டிமீட்டர் கீழே போனால் மைனஸ் 10. முட்டம் கடற்கரையில் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும், மேல்மணல் காலைச் சுடும், காலை ஒரு சாண் புதைத்தால் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு குறைந்த ஆழத்துக்குள் வருகிறது என்று அந்த இடத்திலேயே குத்திப் பார்த்துச் சொன்னது இந்தக் குச்சிதான். லேண்டரில் ஒவ்வொரு கிலோவுக்கும் அடிபிடி நடக்கும். அதில் இந்தக் குச்சிக்கு இடம் கொடுக்கலாம் என்று யாரோ வாதாடி, யாரோ கேள்வி கேட்டு, யாரோ சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த 'யாரோ'க்களைப் பற்றித்தான் எழுதச் சொல்கிறேன்.

சந்திரயான்-1 எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1999-ல் இந்திய அறிவியல் அகாடமிக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது, மறு வருஷம் இந்திய விண்வெளியியல் சங்கத்திலும் பேசினார்கள், அப்புறம் ஒரு பணிக்குழு போட்டார்கள், அந்தக் குழுவின் அறிக்கையை 2003-ல் சுமார் 100 விஞ்ஞானிகள் உட்கார்ந்து அலசினார்கள், அதற்குப் பிறகுதான் அரசு ஒப்புதல் வந்தது. போனது 11 கருவிகள், 5 நம்முடையவை, 6 வெளிநாட்டுக்காரர்களுடையவை. ஒரு கருவியைத் தனியாகப் பிரித்து நிலவில் மோத விடலாமே என்று யோசனை சொன்னவர் அப்துல் கலாம். ஆலோசனை என்றால் இதுதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகளில் ஒன்று நாசாவின் எம்3. நிலவில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் வேலை அதற்கு. அது 3 மைக்ரோமீட்டர் அலைநீளம் வரை பார்க்கும்படி செய்திருந்தார்கள். தண்ணீரின் அடையாளம் தெரிவது 2.8-லிருந்து 3-க்குள். 2.5 போதும், பணம் மிச்சம் என்று யாராவது நறுக்கியிருந்தால், சந்திரயான்-1 நிலவை எத்தனை முறை சுற்றினாலும் அந்தக் கருவிக்குத் தண்ணீர் கண்ணில் பட்டிருக்காது. 2009 செப்டம்பரில் தண்ணீர்ச் செய்தி வந்தபோது கலத்தோடு தொடர்பு அறுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கலம் போன பிறகும் அதன் பெயர் நிற்பது அந்த அரை மைக்ரோமீட்டரால்!

இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் சண்டை இல்லாத வேலை இல்லை. இறக்குகிறவர்களுக்குச் சமதளம் வேண்டும், கல் இருக்கக் கூடாது, வெயில் வேண்டும். நிலவியல்காரர்களுக்கோ பள்ளத்தின் விளிம்பும் பழைய பாறையும்தான் வேண்டும். செவ்வாயில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசரோ பள்ளத்தை முடிவு செய்ய நாசாவில் 5 வருஷம், 60-க்கும் மேற்பட்ட இடங்களை வைத்துக்கொண்டு இழுத்தார்கள்.

சந்திரயான்-2 மோதி விழுந்த பிறகு காரணம் கண்டுபிடிக்கப் போட்ட தேசிய நிபுணர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், நீங்கள் ஊர்ப்பெயர் போட்டுக் கொண்டாடும் அதே நாராயணன்தான். முதல் முறை இறங்கக் குறித்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். அடுத்த முறை, சந்திரயான்-3-ல், 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர். கால்களுக்கு வலு, எரிபொருள் அதிகம், ஐந்துக்குப் பதில் நாலு எஞ்சின். எது எங்கே தவறியது என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு குழு இருந்ததால்தானே இதெல்லாம் மாறியது. ஊர்ப்பெயரோடு இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்று எனக்கு நேரடியாகவே தெரியும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு, பெயர் வேண்டாம், நல்ல விலையில் ஒரு தொலைநோக்கி வாங்கி வந்தார்கள். எதைப் பார்க்க, எங்கே வைத்துப் பார்க்க என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைத்த மாடியைச் சுற்றி மூன்று பக்கமும் தென்னை, நாலாவது பக்கம் தெருவிளக்கு. நம்ம மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதையும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் லென்ஸ் முழுக்கப் பூஞ்சை, சிலந்தி வலை மாதிரி. பிள்ளைகள் அதில் வியாழனைப் பார்க்கவே இல்லை.

அதனால் அடுத்த முறை ஏதாவது கலம் கிளம்பும்போது, அதில் என்னென்ன கருவி போகிறது, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போகிறது, அதை எந்த ஆய்வகம் கேட்டு வாங்கியது என்று போடுங்கள். சந்திரயான்-2 லேண்டரைச் சோதிக்க நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை அரைத்து நிலவு மண் மாதிரி தயாரித்தார்கள், சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல்காரர்கள் அதற்கு உதவினார்கள் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கால் பக்கம் போதும். இடமில்லை என்றால் நகைக்கடை விளம்பரத்தில் கொஞ்சம் குறையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.